மத்தி ஏன் பேசுவதில்லை

கரோலீனா கோர்ஹோனன் 2015இல் இணையத்தில் வரையத் தொடங்கிய 'ஃபின்னிஷ் நைட்மேர்ஸ்' படக்கதைகள் அடுத்த ஆண்டே புத்தகமாகவும் வந்தன. நாயகன் பெயர் மத்தி. நமக்கு அது மீன். அவர்களுக்கு நம்மூர்க் குமாரைப் போலத் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். மத்திக்கு அமைதி வேண்டும், தன்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் வேண்டும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாராவது உட்கார்ந்துவிட்டால் தவித்துப்போவான். வெளியே அண்டைவீட்டுக்காரர் நிற்கிறார் என்றால், அவர் போகும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருப்பான். சீனாவில் இந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் 'மனதளவில் ஃபின்லாந்துக்காரர்' என்ற பொருளில் ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் இதன் முதல் வாசகி என் மகள். இங்கேயே பிறந்தவள். "அப்பா, இது நீங்கதான்" என்று கதவுப் படத்தைக் காட்டினாள். மறுக்க முடியவில்லை. மேற்படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட இத்தனை வருடங்களில், நானும் படிக்கட்டில் காலடிச் சத்தம் ஓயட்டும் என்று நிற்கப் பழகிவிட்டேன்.

கோர்ஹோனனின் கோடுகளில் குரூரம் இல்லை. தன் மக்களைப் பார்த்துத் தானே சிரிக்கிற சிரிப்பு அது. ஆனால் மௌனத்தை அவர் முழுக்கக் கூச்சமாகவே பார்க்கிறார். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு படங்களில் வருவதில்லை. அடுக்குமாடியின் சலவை அறைக்கு முன்பதிவுத் தாள் உண்டு. பொதுச் சவுனாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கியிருப்பார்கள். காத்திருக்கும் இடங்களில் எண் சீட்டு இருக்கும். பேச வேண்டியதையெல்லாம் தாள்கள் பேசிவிடுவதால்தான் மத்தி வாய் திறக்காமல் வாழ முடிகிறது. என் முதல் குளிர்காலத்தில் முன்பதிவு செய்யாமல் துணி துவைத்துவிட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் சலவை அறைக் கதவில் மரியாதையான ஃபின்னிஷில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படித்துச் சொல்ல எனக்கு ஆள் தேவைப்பட்டது. விதி தெரிந்தவனுக்குத்தான் மௌனம் வசதி. தெரியாதவன் யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. அவர் மத்தி என்பதாலா, நான் நான் என்பதாலா? புத்தகம் எல்லாவற்றுக்கும் முதல் பதிலையே தருகிறது: அவர்கள் அப்படித்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பல வருடங்கள் இந்தப் பதிலை நானும் ஆசையோடு பிடித்துக்கொண்டிருந்தேன். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் அக்லாக் அகமது செய்த ஆய்வைப் படித்த பிறகு அது அவ்வளவு எளிதாக இல்லை. தகுதியில் சமமான 5,000 வேலை விண்ணப்பங்களை, ஐந்து வகைப் பெயர்களில், பெயருக்கு ஆயிரமாக அவர் அனுப்பினார். ஃபின்னிஷ் பெயர்களுக்கு 390 அழைப்புகள் வந்தன. சோமாலியப் பெயர்களுக்கு 99. வராமல்போன அழைப்பும் மௌனம்தான். அதைக் கூச்சம் என்று சொல்ல முடியாது.

மத்தியின் பக்கங்களில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது அநியாயம் என்று சிலர் சொல்லலாம். நகைச்சுவைப் புத்தகத்திடம் சமூகவியல் கேட்காதே என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஃபின்லாந்து மௌனத்தை வைத்தே அகி கௌரிஸ்மாகி 2017இல் 'தி அதர் சைட் ஆஃப் ஹோப்' என்ற படம் எடுத்தார். அதிலும் முகங்கள் அசைவதில்லை, வசனம் சொற்பம். குப்பைத் தொட்டியருகே படுத்திருக்கும் சிரிய அகதி காலித்தும் உணவக முதலாளியும் ஆளுக்கொரு குத்து விட்டுக்கொள்கிறார்கள். அடுத்த காட்சியில் அகதியின் முன்னால் சூப் இருக்கிறது, பிறகு வேலையும் கிடைக்கிறது. அதே படத்தில் அலுவலகம் அவனுக்குப் புகலிடம் மறுக்கிறது, தெருவில் கத்தியும் வருகிறது. யாருடைய மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்று கௌரிஸ்மாகிக்குத் தெரிந்திருக்கிறது. மத்தியின் உலகில் அந்த அகதிக்கு இருக்கை இல்லை.

ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் மத்தியைத்தான் கையில் கொடுக்கிறேன். முதல் குளிர்காலத்தைத் தாண்ட அது உதவும்.

மகள் இந்த வருடம் கோடை வேலைக்குப் பதினோரு விண்ணப்பங்கள் போட்டாள். அவளுடைய ஃபின்னிஷில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர் மட்டும் நாங்கள் வைத்தது. இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. மீதி ஒன்பதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.