கேட்டுமுட்டும் கேட்டலும்

சைவ இல்லத்திற் பிறந்து திருமுறை ஓதுதலிலும் கேட்டலிலும் பயின்ற ஒருவன், தன் மனைவியின் மனமகிழ்ச்சியின் பொருட்டுத் தான் பயிலாத இசையரங்கிற்குச் செல்லுதல் தகுமோ என்னும் வினா சிறிதுபோலத் தோன்றும். ஆயினும் இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து இல்லங்கள் சிலவற்றில் இஃது ஆண்டுதோறும் மார்கழியில் எழும் வினாவாம். இவ்விரண்டு ஊர்க்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டரே. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊரிற் பிறந்து, சைவ இல்லத்தில் வாழ்க்கைப்பட்ட மனையாள் ஒருத்தி அரையர் சேவை காண விழைகின்றாள் எனக் கொள்க. கணவனோ ஓதுவாரது பண்ணிசையன்றிப் பிறிதொன்றைச் செவிமடுத்து அறியாதவன். அவள் முகம் வாடுதல் பொறாது உடன் செல்கின்றான். அவ்வாறு சென்றவன் செய்தது யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதனைப் பொய்யொழுக்கம் என்பார் ஒரு சாரார்; உள்ளம் பொருந்தாத இடத்தில் உடல் மட்டும் அமர்தல் அத்தெய்வத்திற்கும் அவ்விசைக்கும் இழுக்கு என்பது அவர் கருத்து. பிறிதொரு சாரார், இல்லாள் உவத்தற்பொருட்டுச் சென்றமையின் தூணிற் சாய்ந்து கண்ணயர்ந்து மீளினும் குற்றமில்லை என்பர். இவ்விரு கூற்றும் வேறுபோலத் தோன்றினும் அடிப்படை ஒன்றே. சென்றவன் செவி திறவாது என்பதனை இருவரும் முன்னரே முடிவு செய்துகொண்டனர்.

செவி திறவாமைக்கு மொழி காரணமாமோ எனின், அன்று. தெலுங்கு பேசும் இராசுக்கள் பலர் வாழும் இராசபாளையத்தில் தமிழர் செவிக்குத் தெலுங்குக் கீர்த்தனம் புதிதன்று. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா (1898–1957) தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு அளித்த ஊர் அது. கேட்போர்க்குப் பொருள் விளங்காப் பாட்டு அரங்கை ஆளுதல் தகாது என்று 1941-இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் எழுந்த தமிழிசைச் சங்கமும் வழக்காடின, அவ்வழக்கு நேரியதே. ஆனால் அரையர் பாடுவது தெலுங்கன்று, ஆழ்வார்களது தீந்தமிழ். சொல் அனைத்தும் விளங்கியும் சைவனுக்கு அது பிறர் இசையாகவே நிற்கின்றது. எனவே, தடை நிற்குமிடம் நாவன்று, பழக்கமே என்க.

அரையர் சேவை இற்றைநாளில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர், கருநாடகத்து மேலுக்கோட்டை எனும் மிகச் சில தலங்களிலேயே எஞ்சியுள்ளது. நாதமுனிகள் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடிப் பெற்று, கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்னும் மருமக்கள் இருவர்க்கும் இசையோடு பயிற்றினர் என்றும், அரையர் மரபு அவ்வழி வந்தது என்றும் வைணவர் கூறுவர். இது கேட்ட அளவில் சைவர்க்கு நம்பியாண்டார் நம்பி நினைவிற்கு வருதல் இயல்பு. தில்லையிற் பூட்டிக்கிடந்த தேவாரத்தைச் சோழ மன்னனோடு கண்டெடுத்து, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருத்தியைக்கொண்டு பண்ணடைவு பெற்ற வரலாற்றினைத் திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது. அங்கே மருமக்கள் இருவர், இங்கே பாணர்குலப் பெண். இழந்ததும் மீட்டதும் இரு நெறிக்கும் ஒத்த கதை.

குவிந்த குல்லாயும் மாலையும் அணிந்து, கையிற் சிறு தாளம் ஏந்தி, மத்தளம் முதலிய துணைக்கருவி யாதுமின்றி அரையர் இறைவன் திருமுன் நிற்பர். பாசுரத்தை இசைப்பர், பின் அதற்கு அபிநயம் பிடிப்பர், அதன்பின் வியாக்கியானம் உரைப்பர். அவ்வியாக்கியானத்திற்குத் தம்பிரான்படி என்பது பெயர். திருமடங்களின் தம்பிரான்களையே அறிந்த சைவன் அப்பெயர் கேட்டுச் சிறிது வியப்பான்.

இசை என்ற அளவில் நோக்கின், நட்டபாடையும் கொல்லியும் கேட்டுப் பழகிய செவிக்கு அரையர் பாட்டு வறிதாகவே படும். சுரங்களின் உலா மிகக் குறுகியது. ஓதுதலுக்கும் பாடுதலுக்கும் இடைப்பட்ட ஒரு நடை அது. பண்டைய பண்வளத்தின் பெரும்பகுதி அதனிடத்து இன்று காணப்படவில்லை. இக்குறையை மறைத்து மனைவியிடம் "ஆகா, என்னே இசை!" என்று புகழும் கணவன் அவளையும் ஏமாற்றி, அக்கலையையும் இழிவு செய்கின்றான். அரையரிடம் தேடவேண்டுவது இராக விரிவன்று. ஒரு பாசுரத்தின் பொருள் கையிலும் முகத்திலும் உரையிலும் மும்முறை மலரும் முறைமையே.

அதனைக் காண்டற்கு முத்துக்குறி ஒன்றே அமையும். திருமங்கையாழ்வாரது திருநெடுந்தாண்டகத்தைத் தழுவிய பகுதி அது. மகளது நோய் இன்னதென்று அறியாத தாய் கட்டுவிச்சியை வினவ, அவள் முத்துக்களைப் பரப்பிக் குறி பார்க்கின்றாள். தாயும் மகளும் கட்டுவிச்சியும் அரையர் ஒருவரே. வேடமாற்றம் இல்லை, திரையில்லை. குரலும் நிலையும் மாறிய அளவில் ஆளும் மாறிவிடுகின்றார். இவ்விடத்திற் கண்ணயரும் சைவன் தன் நூலையே அறியாதவன் ஆவான். மணிவாசகப் பெருமானது திருக்கோவையாரில் அறத்தொடு நிற்றற் பகுதியில் இக்கட்டுவிச்சி வருகின்றாள் அன்றோ? அங்கே அவள் பரப்புவது நெல். முத்தும் நெல்லுமாகிய வேற்றுமை ஒன்றே எனக் கருதற்க. நுண்ணிய வேறுபாடு பிறிதொன்று உண்டு. கோவையாரின் கட்டுவிச்சி இது முருகணங்கு என்று தவறாகவே குறி சொல்லுகின்றாள். அத்தவறுதான் தோழியை வாய்திறக்கச் செய்து, மறைந்த காதலை வெளிப்படுத்துகின்றது. முத்துக்குறியின் கட்டுவிச்சியோ நோய் செய்தவன் திருமாலே என்று பிழையின்றிக் கூறிவிடுகின்றாள். அகப்பொருள் மரபு வழுவாது நின்று, பிழையின் வழியே உண்மையைக் காட்டியது கோவையார்; பத்தியின் விரைவால் அம்மரபைக் கடந்தது முத்துக்குறி. நாடகச் சுவை முன்னதிலும், உருக்கம் பின்னதிலும் மிகும். பேராசிரியர் உரையோடு கோவையார் பயின்றான் ஒருவன் திருவில்லிபுத்தூர்க்கு மனைவியொடு சென்றாலன்றி இவ்வொப்புமை அவனுக்கு எங்ஙனம் புலப்படும்?

இனி, இல்லாள் பொருட்டுப் பிறர் இசை கேட்டார் நம் புராணத்தில் உளரோ எனின், உளர். அவர் அறுபத்துமூவருள் ஒருவர். மதுரையில் ஆளுடைய பிள்ளையாரின் அடியாரைக் கண்ட அமணர் "கண்டுமுட்டு" என்று மன்னனிடம் முறையிட, நின்றசீர் நெடுமாறன் "கேட்டுமுட்டு" என்றான். தீட்டு என்பது கண்ணின் வழியே மட்டுமன்றிச் செவியின் வழியேயும் புகும் என்பது அவன் கொண்டிருந்த நெறி. அவன் மனம் கலங்கியிருந்த அவ்விரவில் மங்கையர்க்கரசியார் அவனைக் கடிந்திலர், நகைத்திலர். இரு திறத்தாரும் வாது செய்யட்டும். வென்றவர் பக்கம் சேர்தலே தக்கது என்று நடுநிலை பிறழாமற் கூறினார். பின்னர் வெப்புநோய் பற்றிய வேளையில், அரசியாரும் குலச்சிறையாரும் திருஞானசம்பந்தர் என்று உரைத்த திருப்பெயர் செவியுட் சென்ற அளவிலே மன்னன் அயர்வு சிறிது நீங்கினான் என்கின்றார் சேக்கிழார். முட்டு என்று அடைத்த அதே வாயிலின் வழியே மருந்து புகுந்தது. திருநீற்றுப் பதிகத்தால் வலப்பாகம் குளிர்ந்தது அதற்குப் பிற்பட்ட நிகழ்ச்சி.

இதனைப் படிப்போர் பதிகத்தின் ஆற்றலையே போற்றி, அரசியாரின் பொறுமையை விரைந்து கடந்துவிடுவர். அமணம் ஓங்கிய அரண்மனையிற் பல்லாண்டு வாழ்ந்த அவ்வம்மையார், தமக்கு உவப்பில்லாத ஓத்துக்கள் எத்துணையோ கேட்டிருத்தல் வேண்டும். கணவன் செவி ஒருநாள் திறந்தது. மனைவியின் செவி அதற்கு முன்னரே நெடுங்காலம் பொறுத்திருந்தது. கணக்கு நோக்கின் கடன்பட்டவன் கணவனே.

அற்றேல், நெடுமாறன் புறச்சமயத்தினின்று சைவம் புகுந்தவன். சைவன் வேறோரிடம் செல்லுதற்கு அவன் சான்றாவனோ எனின், ஈண்டு எடுத்துக்கொண்டது சமயம் மாறுதலை அன்று, கேட்டலையே. எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருளுவான் உமையொருபாகனே என்று சிவஞான சித்தியார் சுபக்கம் தெளிவுறுத்தியிருக்க, வடபத்திரசாயி சந்நிதியில் ஒரு நாழிகை அமர்ந்தமையாற் சித்தாந்தம் குன்றிவிடும் என்று அஞ்சுபவன் சித்தாந்தத்தையே ஐயுறுகின்றான். மேலும், தில்லையில் ஆடும் பெருமானுக்கு முதற்கண் காண்போர் யார்? சிவகாமியம்மையே. ஆடலை ஒருவர் நிகழ்த்த மற்றவர் அருகிருந்து காணும் இல்லறம் சைவர்க்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டுவதன்று.

இக்கடன் ஒருவழிப்பட்டதாதல் கூடாது. திருவில்லிபுத்தூரிலேயே மடவார்விளாகத்தில் வைத்தியநாதப் பெருமான் கோயில் கொண்டுள்ளான். வயிற்றுநோயால் வருந்திய திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) இங்கு நலம் பெற்றார் என்பது தல வரலாறு. அரையர் சேவை கண்டு மீளும் மனையாள் மறுநாள் கணவனுடன் அங்குச் சென்று தேவாரம் கேட்க இசைதல் அரிதன்று, இசைபவரும் பலர். ஆனால் அவள் அங்கிருந்து, "இப்பதிகம் எப்பண்? முன்னதினின்று இஃது எங்ஙனம் வேறுபடும்?" என்று வினவின், விடை கூறவல்ல சைவர் எத்துணைப் பேர்? அரையர் பாசுரத்திற்கு அவள் பொருள் சொன்னாள்; அபிநயத்தின் குறிப்புணர்த்தினாள்; தம்பிரான்படி இன்னதென்று விளக்கினாள். பதிகத்தின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் பண்ணின் பெயரையும் நோக்காது பாராயணம் முடிக்கும் கணவன், அவள் முகத்தை நோக்கி யாது கூறுவான்?