ஊர்வாயும் தோழிவாயும்: சிஸ்னெரோஸின் ஒரு சிறுகதை

மகளிர் பேச்சைப் பழிக்கும் சொற்கள் பல மொழிகளிலும் உள. ஸ்பானிய மொழியில் வம்புரையைச் 'சிஸ்மே' என்பர். அதனைப் பேசித் திரிபவள் 'சிஸ்மோசா'. டெக்சாஸின் தென்கோடியில் பிறந்த குளோரியா அன்சால்துவா, 1987-இல் வெளியிட்ட 'எல்லைநிலங்கள்' என்னும் நூலில், இச்சொல் பெண்டிர்க்கே வசையாக வழங்குவதையும், ஆடவர்க்கு வழங்கத் தாம் கேட்டறியாமையையும் சுட்டுகிறார். ஆகவே, அமெரிக்காவில் வாழும் மெக்சிக வழிப் பெண்களின் பண்பாட்டை ஆராய்வோர் வம்புரையை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் பொருந்தாது. அதனை அடக்குமுறைக் கருவி என்று மட்டும் கொள்வதும் குறையுடைத்து. சாந்திரா சிஸ்னெரோஸ் 1991-இல் வெளியிட்ட தொகுதியின் தலைப்புக் கதையாகிய 'கூவும் பெண் ஓடை' இதற்குத் தக்க சான்றாகும்.

கதைத்தலைவி கிளெயோபிலாஸ் மெக்சிகோவில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். மணமுடித்து, எல்லை கடந்து, டெக்சாஸில் உள்ள செகீன் நகருக்கு வருகிறாள். கணவன் அடிக்கிறான். தந்தை வீடு திரும்ப எண்ணுகிறாள். ஆயின் ஊரார் என்ன சொல்வர் என்னும் அச்சம் தடுக்கிறது. நம் அகப்பாடல்களில் அலர் தூற்றும் ஊர் தலைவியைச் சூழ்ந்திருக்கும். இங்கோ ஊர் எல்லைக்கு அப்பால் நிற்க, அதன் வாய் மட்டும் அவள் நெஞ்சினுள் உடன் வந்துள்ளது. புதிய ஊரில் அவள் வீட்டின் இருபுறமும் வாழ்வோர் சோலெதாத், தோலோரெஸ் என்னும் இருவர். பெயர்ப்பொருள் தனிமை, துயரங்கள். ஓடைக்குப் பெயர் தந்த பெண் வலியால் கூவினளோ சினத்தால் கூவினளோ என்னும் அவள் ஐயத்தைத் தீர்ப்பாரும் இலர். வம்பு நிறைந்த ஊர் ஒரு சிறை எனின், வாய் திறவாத ஊரும் மற்றொரு சிறையே.

திருப்பம் மருத்துவ நிலையத்தில் நிகழ்கிறது. அங்குப் பணிபுரியும் கிராசியேலா, கருவுற்ற அவள் உடலில் காயங்களைக் கண்டு, பெலிஸ் என்னும் தோழியிடம் தொலைபேசியில் ஆங்கிலமும் ஸ்பானியமும் விரவ உரைக்கிறாள். பிறக்கும் மகவுக்குத் தம் பெயரையே இடவேண்டும் என நகையாடவும் செய்கிறாள். ஒருத்தியின் மறைந்த துயரைப் பிறளொருத்திக்கு உரைக்கும் இப்பேச்சு வடிவால் வம்புரையே, பயனால் மீட்பு. பேச்சின் இறுதியில் அவள் தோழியைக் 'கொமாத்ரே' என விளிப்பது ஈண்டு நோக்கத்தக்கது. குழந்தையின் தாயும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் அழைக்கும் முறைப்பெயர் இது. வம்பு பேசுதலைக் குறிக்கும் ஸ்பானிய வினைச்சொல் ஒன்றும் இதனடியாகவே பிறந்தது. உறவும் வம்பும் ஒரே வேரில் கிளைத்தவை.

மெக்சிகப் பண்பாடு பிணிக்கிறது, அமெரிக்கப் பண்பாடு விடுவிக்கிறது எனச் சிலர் இக்கதைக்குப் பொருள் கொள்ளக்கூடும். அது பொருந்தாது. அடி விழுந்தது டெக்சாஸில். அவள் திரும்புவது தந்தையின் ஊருக்கு. திரும்பும் வழியைத் திறந்தது பழைய ஞானஉறவின் பெயரால் இணைந்த இருமொழித் தோழமை. எனினும், தனக்கென ஊர்தி உடைய பெலிஸ் அத்தன்னுரிமைக்குக் கொடுத்த விலையை ஆசிரியர் காட்டாது விட்டமை ஒரு குறையே.

பாலத்தைக் கடக்கையில் பெலிஸ் உரக்கக் கூவியதைப் பின்னர்த் தந்தைக்கும் உடன்பிறந்தார்க்கும் கிளெயோபிலாஸே எடுத்துரைக்கிறாள். பேசப்படுதற்கு அஞ்சியவள் பேசுபவள் ஆகிறாள். இருவேறு பண்பாட்டிடை நின்ற பெண் தன் வாழ்வைத் தன் வாயால் சொல்லும் உரிமை பெற்றமையே இக்கதையின் பயன் எனத் துணியலாம்.