எப்சன் ஆர்-டி1

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. பக்கத்திலேயே தனியாக ஒரு கண்ணாடிச் சாளரம். அதன் நடுவில் சிறிய வெளிச்சக் கட்டம். அதற்குள் எதிரே நிற்பவரின் முகம் இரட்டையாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். ஃபோகஸ் ஆகிவிட்டது! கைக்குத் தெரிகிற அந்த நிச்சயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதை டிஜிட்டலுக்கு முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் எப்சன், 2004-இல். லைக்காவின் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான எம்8 வர 2006 ஆனது. ஆர்-டி1-இல் 6 மெகாபிக்சல்தான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கு முன்பும் கட்டைவிரலால் நெம்புகோலை இழுத்து ஷட்டரைத் தயார்செய்ய வேண்டும், ஃபிலிம் கேமராவில் போலவே. எத்தனை படம் மிச்சம், பேட்டரி எவ்வளவு என்பதை மேல்தட்டில் முட்கள் காட்டும். வியூஃபைண்டரில் உலகம் அதே அளவில் தெரிவதால் இரு கண்ணையும் திறந்துவைத்தே எடுக்கலாம். சட்டத்துக்குள் யார் வரப்போகிறார் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

சென்சார் ஏபிஎஸ்-சி, முழு ஃபிரேமைவிடச் சிறியது. அதனால் 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 53 மி.மீ. போலக் காட்டும். லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரில் 36×24 மி.மீ. முழு ஃபிரேம் 2009-இல் எம்9-உடன் வந்தது. அகலக் கோணமே உயிர் என்பவர்களுக்கு அதுதான் சரி. தெருவில் மனிதர்களை எடுப்பவருக்குச் சின்ன சென்சாரே தாராளம். பெரிய சென்சாருக்குக் காசு கொடுக்குமுன் ஒரு நல்ல ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணை வைத்துப் பாருங்கள்.