ஹெரிக்கின் கிறிஸ்துமஸ் கட்டை

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டீன் பிரையர் என்னும் சிற்றூரில் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகப் பணியாற்றியவர் ராபர்ட் ஹெரிக். 1648-இல் வெளிவந்த அவரது ‘ஹெஸ்பெரிடீஸ்’ தொகுப்பில் கிறிஸ்துமஸ் கட்டையைப் பற்றிய சிறு கவிதை ஒன்று உண்டு. இளைஞர்கள் ஆரவாரத்தோடு கட்டையைக் கொண்டுவருகின்றனர். சென்ற ஆண்டு எரிந்த மீதித் துண்டினால் புதுக்கட்டைக்குத் தீ மூட்டப்படுகின்றது. மதுவும் வெள்ளை ரொட்டியும் வருகின்றன. அவ்வளவே. பாலன் இயேசுவின் பெயர் ஓரிடத்தும் இல்லை.

குருவானவர் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டில் கிறிஸ்து எங்கே என்று குறைகூறுவது எளிது. ஆனால், 1647-இல் பியூரிட்டன்களின் கை ஓங்கிய பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் விழாவையே சட்டத்தால் விலக்கிற்று. அவ்வாண்டே ஹெரிக்கும் தம் பங்கை இழந்தார். கவிதை முன்னரே எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் வாசகரின் கையை அது அடைந்தது அந்தத் தடைக்காலத்தில் அன்றோ! விழா விலக்கப்பட்ட நாட்டில் விழாவின் அடுப்படியைப் பாடுவதும் ஒருவகை விசுவாச அறிக்கையே என்போம். பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அளித்த திருநாளன்று கட்டையை மீண்டும் எரித்து, அணைத்து, ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்கெனக் காக்குமாறு இன்னொரு கவிதையில் அவர் சொல்கின்றார். நமக்கு இதுவே சிறந்ததாகத் தோன்றுகின்றது.

‘யூல்’ என்பது கிறிஸ்தவத்திற்கு முந்திய வடநாட்டுக் குளிர்கால விழாவின் பெயர். 725-இல் புனித பீட் எழுதிய காலக்கணிப்பு நூலிலும் அது மாதப்பெயராக வருகின்றது. கட்டை எரித்ததற்கான சான்றுகளோ இடைக்காலத்திலிருந்துதான் கிடைக்கின்றன.

இக்கவிதையைத் தமிழாக்க முனைவோர்க்கு ஓர் இடர் உண்டு. அந்த எரிந்த துண்டைக் ‘கொள்ளி’ என்றால் நம் மக்களுக்குச் சுடுகாடே நினைவில் எழும். விழாத்தீக்கு நம்மிடம் சொல் இல்லாமலில்லை. கார்த்திகைத் தீபத்தன்று கோயில்முன் பனைத்தண்டை நட்டு, ஓலை சுற்றி எரிக்கும் சொக்கப்பனையை அறியாதார் யார்? ஊர் கூடி மரம் சுமந்து எரிக்கும் மகிழ்ச்சி இரண்டிலும் ஒன்றே. உறைபனியையும் கணப்பையும் நம் கிறிஸ்துமஸ் கவிஞர்கள் கடன் வாங்குவதுதான் பொருந்தவில்லை; மார்கழிப் பனி வேறு, அந்தப் பனி வேறு.

மேனாட்டார் குளிருக்கு அணியும் ஆடைகளைத் தைத்தனுப்பும் திருப்பூரில் ஹெரிக்கை வாசிக்கையில், அந்த மீதித் துண்டே நம்மை உறுத்துகின்றது. ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் உழைக்கும் நம் கிறிஸ்தவச் சகோதரர் பலர் கிறிஸ்துமஸ் இரவை வாடகை அறைகளில் கழிக்கின்றனர். சென்ற ஆண்டின் நெருப்பாக அவர்கள் உடன் கொணர்ந்தவை தங்கள் தாய்மொழிப் பாடல்களே. நம் நள்ளிரவுத் திருப்பலியில் அவற்றுள் ஒன்றேனும் ஒலிக்கின்றதா?