கபிலனின் தசைகளும் நாள் கணக்கும்

பா. ரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இணையவழி வெளியாயிற்று. 1970களின் வடசென்னையைப் பற்றியும், அங்கு வேரூன்றியிருந்த குத்துச் சண்டையைப் பற்றியும், நெருக்கடி நிலைக் கால அரசியலைப் பற்றியும் அப்படத்தை முன்வைத்து ஏராளமான விமர்சனங்கள் வந்துவிட்டன. அவற்றை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இப்படத்தை மனிதத் தசைகளின் கதையாகவும் பார்க்க முடியும். அவ்வாறு பார்க்கும்போது அது எங்கே உண்மை பேசுகிறது, எங்கே தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். பொழுதுபோக்குப் படத்திற்கு இப்படியொரு சோதனை தேவையா என்று சிலர் கேட்கலாம். படத்தைப் பார்த்த வேகத்தில் மைதானத்தில் இறங்கிவிடும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆகவே தேவைதான்.

கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. துறைமுகத் தொழிலாளியான கபிலன் (ஆர்யா) சிறு வயது முதல் குத்துச் சண்டையைப் பார்த்தே வளர்ந்தவன். தாயின் தடையால் மேடை ஏறாதிருந்தவன். ரங்கன் வாத்தியாரின் (பசுபதி) மானத்தைக் காக்க மேடையேறுகிறான். வேம்புலியுடன் நடக்கும் போட்டி கலவரத்தில் குலைகிறது. அதன்பின் சிறை, சாராயம், தொந்தி. இறுதியில் கடற்கரையில் பீடி ராயப்பன் என்னும் முதியவரிடம் பயின்று, மீண்டும் எழுந்து வெல்கிறான்.

முதலில், சுமை தூக்கிப் பழகிய உடல் உடனே குத்துச் சண்டைக்குத் தயாராகிவிடுமா? படம் ஆம் என்கிறது. தசையியல் பாதி ஆம் என்கிறது. தசையின் வெப்ப உற்பத்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, 1938இல் ஓர் எளிய சமன்பாட்டை வெளியிட்டார். தசை இழுக்க வேண்டிய சுமை கூடக் கூட, அது சுருங்கும் வேகம் குறைகிறது என்பது அதன் சாரம். மூட்டை தூக்குபவனின் தசை பெருவிசையை மெதுவாகத் தரப் பழகியது. குத்துபவனுக்கோ விசையும் வேண்டும், வேகமும் வேண்டும். இரண்டின் பெருக்கலான திறன்தான் எதிராளியின் தாடையில் போய்ச் சேர்கிறது. எந்த வேலையைக் கொடுக்கிறோமோ அந்த வேலைக்கேற்பவே தசை மாறுகிறது. பொதுவான 'பலம்' என்று ஒன்றை அது சேமித்து வைப்பதில்லை.

இதற்கு எங்கள் ஆர்.கே.பேட்டைக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள் என்பர். ஒரு படி 15 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்த ஏற்றம் சுமார் 55 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் ஏறி முடிக்கப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுமார் 32,000 ஜூல். தசையின் திறமை நூற்றுக்கு 25 அளவில்தான், எஞ்சியதெல்லாம் வெப்பம். ஆகவே உடல் செலவிடுவது ஏறக்குறைய 1,30,000 ஜூல், அதாவது சுமார் 31 கிலோகலோரி. ஓர் இட்லியில் இதைவிட அதிகம் இருக்கிறது! (மலையேறிய களைப்புக்கு ஆறு இட்லி சாப்பிடுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்காமலிருப்பதே நல்லது.)

ஆனால் மறுநாள் தொடை வலிப்பது ஏன்? ஏறும்போது மூச்சு வாங்குகிறது. வலியை உண்டாக்குவதோ பெரும்பாலும் இறங்குதலே. இறங்கும்போது முன்தொடைத் தசை உடலைத் தாங்கியபடியே நீள்கிறது. நீண்டுகொண்டே விசை தரும் தசையில், நார்களின் நுண்ணிய அடுக்குகள் ஆங்காங்கே குலைகின்றன. வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சம் அடைகிறது. இதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று இன்றும் பலர் சொல்லி வருகிறார்கள். அந்த அமிலமோ ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. மாதந்தோறும் கிருத்திகைக்கு ஏறி இறங்குபவருக்கு இவ்வலி அதிகம் வருவதில்லை. ஒருமுறை பட்ட பாட்டைத் தசை பல வாரங்கள் மறப்பதில்லை. செலவான சக்தி ஓர் இட்லிக்கும் குறைவு. தசையில் ஏற்பட்ட மாறுதலோ வாரக் கணக்கில் நிற்கிறது.

படத்தில் அறிவியலுக்கு மிக அருகில் வருபவன் டான்சிங் ரோஸ் (ஷபீர்). அவன் ஆட்டம் வெறும் அலங்காரமன்று. துள்ளும்போது குதிகால் தசைநாண் வில்லைப் போல நீண்டு சக்தியைச் சேமித்து, அடுத்த துள்ளலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. அதனால் கெண்டைக்கால் தசைக்கு வேலை குறைகிறது. இயற்பியல் நடத்துபவன் என்ற முறையில் எனக்கு இப்படத்தில் மிகவும் பிடித்தவை ரோஸின் கால்களே. கபிலன் கடற்கரையில் பயில்வதும் இதே காரணத்தால் பொருத்தமானது. மணல் அந்த வில்லின் சக்தியை விழுங்கிவிடுகிறது. கெட்டித் தரையைவிட மணலில் ஓடுவதற்குச் சுமார் 1.6 மடங்கு சக்தி தேவை என்று 1998இல் வெளியான பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சி ஒன்று கண்டது. முழுச் சுமையும் தசையின்மேல் விழுகிறது.

கபிலனின் வீழ்ச்சியையும் படம் நேர்மையாகவே காட்டுகிறது. பயிற்சி நின்ற இரண்டு மூன்று வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப் பகுதி குறைகிறது. தசை உயிரணுக்களின் சக்திக் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் ஓட்டப் பயிற்சியால் பெருகுவதை 1967இல் ஜான் ஹாலோசி எலிகளில் காட்டினார். அவ்வாறு பெருகியவை பயிற்சி நின்றால் சில வாரங்களிலேயே குறைகின்றன. சாராயம் செய்யும் கேடு தனி. உடற்பயிற்சிக்குப் பின் அளவு மீறிக் குடித்தால், புரத உணவு உட்கொண்டாலும் தசையின் புரதச் சேர்க்கை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று 2014இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். நாட்பட்ட குடியால் மெலிவது பெரும்பாலும் வேகமாகச் சுருங்கும் நார்கள். அதாவது குத்துச் சண்டைக்காரனுக்கு மிகவும் வேண்டிய நார்கள்.

இனி அவன் மீட்சிக்கு வருவோம். ஒரு காலத்தில் பயின்ற தசை, புதுத் தசையைப் போல அடியிலிருந்து தொடங்குவதில்லை. தசை நார் பருக்கும்போது அதில் உட்கருக்களின் எண்ணிக்கை கூடுகிறது; பிறகு நார் மெலிந்தாலும் அவை நெடுநாள் அழிவதில்லை என்று ஆஸ்லோ ஆராய்ச்சியாளர்கள் 2010இல் எலிகளில் கண்டனர். மனிதரிலும் அப்படியே நிகழ்கிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பயன் கண்கூடானது. பின்லாந்தில் 2024இல் வெளியான ஆராய்ச்சியில், பத்து வாரம் பயின்று பத்து வாரம் ஓய்ந்தவர்கள், மீண்டும் தொடங்கிய ஐந்தே வாரங்களில் பழைய நிலையை எட்டினர். 'விட்டதைப் பிடிக்கலாம்' என்று படம் நம்புவதற்கு இந்த அளவுக்கு ஆதாரம் இருக்கிறது.

இந்த அளவுக்குத்தான். பின்லாந்துக்காரர்கள் ஓய்ந்தது பத்து வாரம். கபிலன் ஓய்ந்தது ஆண்டுக் கணக்கில், அதுவும் குடியோடு. அவர்களுக்குக்கூட ஐந்து வாரம் பிடித்தது. படத்திலோ சில நிமிடக் காட்சிகளில் தொந்தி கரைந்து மார்பு விரிந்துவிடுகிறது. பார்ப்பவர் மனத்தில் தங்குவது வாரக் கணக்கன்று, ஒரு பாட்டு நேரமே. இவ்வுடலைப் பெற நடிகர் ஆர்யா பல மாதங்கள் உழைத்தார் என்பது அப்போது பத்திரிகைகளில் வந்த செய்தி. நடிகரின் உடல் உண்மை பேசுகிறது, படத்தொகுப்பு அதை மறைத்துவிடுகிறது.

கலைக்குக் காலத்தைச் சுருக்கும் உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே சுருக்கப்பட்ட பகுதியில்தான் ஆபத்து இருக்கிறது. பழக்கமில்லாத தசையைத் திடீரென்று கடுமையாக வருத்தினால், அதுவும் வெயிலிலும் தாகத்திலும் வருத்தினால், நார்களின் சவ்வுகள் பெருமளவில் கிழிந்து, உள்ளிருக்கும் மையோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தை அடைத்துப் பழுதாக்கலாம்; உயிருக்கே கேடாகலாம். மருத்துவர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்பர். யாருக்கு இது எளிதில் வரும்? பயிற்சி விட்டுப்போனவர், மதுப் பழக்கம் உள்ளவர், 'முன்பு முடிந்ததுதானே' என்ற துணிவில் வெயிலில் இறங்குபவர். கபிலனுக்கு மூன்றும் பொருந்துகின்றன! எவன் மிக மெதுவாகத் தொடங்க வேண்டுமோ அவனையே படம் வேகத்தின் நாயகனாக்கிவிட்டது.

வெயிலுக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், புதுத் தொழிலாளரை ஆழத்திற்கு அனுப்புமுன் சூடான அறையில் சில நாட்கள் படி ஏறி இறங்கச் செய்யும் வழக்கம் இருந்தது. வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் பிடிக்கின்றன. அதற்குள் இரத்தத்தின் நீர்ப் பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. கடற்கரை வெயிலைப் படம் அழகாகக் காட்டுகிறது. அதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கருதவில்லை.

எங்கள் பக்கத்து இளைஞர் பலருக்குக் காவலர் தேர்வே பெரிய கனவு. உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். வினாடிக்குச் சுமார் 3.6 மீட்டர். நான்கைந்து மாதம் சீராக ஓடியவருக்கு இது எட்டக்கூடிய வேகமே. ஆனால் எழுத்துத் தேர்வின் முடிவு வரும்வரை காத்திருந்து, வந்தபின் ஒரே மூச்சில் காலையும் மாலையும் ஓடுவோர் பலர். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகளின் பழக்கத்தால் வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பருக்க ஆறு, எட்டு வாரம் ஆகும். தசைநாண்கள் உறுதிப்பட இன்னும் அதிக நாள் வேண்டும். பலம் வந்துவிட்டதென்று மனம் சொல்லும் வேளையில் தசைநாண் இன்னும் தயாராகியிருப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே வலி தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். அந்த வலிக்கு ஓய்வு கொடுத்தால் போதும். கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் மட்டும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மறுநாள் ஓட்டத்திற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.