தொற்காளின் ஆடைகளும் நம் நிழற்படங்களும்

மதுரையிலும் சூழவுள்ள சிற்றூர்களிலும் அடக்க ஆராதனைக்குச் செல்லும் போதகரை முதலில் எதிர்கொள்வது, மரித்தவரின் படம் தாங்கிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையே. இதனை வெறும் ஆடம்பரமென ஒதுக்குவது முறையன்று. முந்தைய தலைமுறைகளில், உயிரற்ற உடலை நாற்காலியில் அமர்த்தி உறவினர் சூழ நின்று எடுத்த படமே பல குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரே படம். முகத்தை இழக்க மனமில்லாத அன்பு அது.

எனினும், மேலூர்ப் பக்கம் நான் நடத்திய ஓர் அடக்கம் என்னைச் சிந்திக்கவைத்தது. வயல்வேலையிலேயே முதுமையடைந்த அம்மையாருக்கு, தேர்தல் ஆணையம் 1993-இல் கொணர்ந்த வாக்காளர் அடையாள அட்டையின் படமன்றி வேறில்லை. அதைப் பெரிதாக்கியவர், அவர் ஒருநாளும் உடுத்தாத பட்டுச்சேலையையும் அணியாத நகையையும் சேர்த்திருந்தார். பேத்தியோ தன் அப்பத்தாளை அடையாளங்காணத் தடுமாறினாள். வறுமைக்கு வெட்கப்பட்ட நாம் அவருடைய உழைப்பையே மறைத்துவிட்டோம்.

யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, கைம்பெண்கள் பேதுருவுக்குக் காட்டியது அவள் தைத்துக்கொடுத்த ஆடைகளை (அப். 9:39). பெற்றுக்கொண்டவர்களே அங்கே சாட்சிகள்.

ஆகவே படங்களை விலக்க வேண்டுவதில்லை. உறவினரும் அயலாரும் தத்தம் பெட்டியிலும் கைப்பேசியிலும் உள்ள களத்துமேட்டுப் படங்களையும் அடுப்படிப் படங்களையும் கொணர்ந்து, ஒவ்வொன்றைக் குறித்தும் இரண்டொரு வார்த்தை சொல்ல ஆராதனையில் இடமளிப்போமாக. படமே இல்லாதவருக்கு அவர் கைப்பட்ட கதிரரிவாளும் சுளகும் போதும். உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் சபை, மரித்தவரை உள்ளபடியே ஆண்டவர் கையில் ஒப்புவிக்கத் தயங்கலாகாது.