ஐவரில் நான்காமவர்

வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலி. வலது ஓரத்தில் தொடங்கி இடது ஓரத்தில் முடிகிற இந்த வரிசை மாறாமல் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. கல்கத்தா 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் வைத்துக் கொண்டாடிய இந்த ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. பெங்களூர், காக்கிநாடா, கோட்டயம் என்று எல்லாரும் தெற்கேயிருந்து ரயிலேறிப் போனவர்கள். 1949-ல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே ஆண்டில் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப் அள்ளியது இவர்களை வைத்துத்தான். 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டும் ஷீல்டு. 1951, 1952 இரண்டு ஆண்டும் டூராண்டு. கணக்கு இவ்வளவு போதும். கோலை எண்ணுகிறவர்கள் தன்ராஜிடம் போய் நிற்பார்கள். விங்கில் பறக்கிறவரைப் பார்த்துச் சொக்குகிறவர்களுக்கு வெங்கடேஷ். எனக்கு நான்காமவர். இன்சைடு லெஃப்ட் அகமது கான்.

எங்கள் விழிஞ்ஞம் கரையிலிருந்து கிடர்பூர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன சித்தப்பா ஒருவர் இருந்தார். சம்பளத்தில் பாதியை மைதானத்தின் நின்று பார்க்கும் கேலரிக்குக் கொடுத்தவர். வங்காளத்தின் ஆட்டக்காரர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், அகமது கானைப் பற்றி மட்டும் சுருக்கமாகத்தான் சொல்வார்: "மக்கா, அவன் ஓடமாட்டான். மத்தவனுவ ஓடுவானுவ." இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. கல்கத்தாவில் அவருக்குப் 'பாம்பாட்டி' என்று பட்டப்பெயர். அந்தப் பெயரில் வித்தை மட்டும் தெரிகிறது, பொறுமை தெரியவில்லை. சித்தப்பா சொன்னதில் பொறுமை இருக்கிறது.

இன்சைடு லெஃப்டின் வேலையே அதுதானே. பந்தை வாங்கி நிறுத்தவேண்டும். எதிரணியின் ரைட் ஹாஃப் கிட்டே வரும்வரை நிற்கவேண்டும். அவனோடு பேக்கும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. இரண்டு பேரும் தன்மேல் விழுகிற நொடியில் பந்து இடது ஓரத்துக்குப் போகவேண்டும். அங்கே சாலி தனியாக நிற்பார். பெரிய மீன் தூண்டிலைக் கவ்வியதும் எங்கள் கரைக்காரர்கள் வெடுக்கென்று இழுக்கமாட்டார்கள், நூலை விட்டுக்கொடுப்பார்கள். அகமது கானின் ஆட்டத்தைச் சித்தப்பா விவரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூல்தான் நினைவுக்கு வரும். கோல் எழுதும் ஏட்டில் இப்படிப்பட்டவரின் பெயர் குறைவாகத்தான் இருக்கும். விங்கர் உயர்த்தித் தந்தார், சென்டர் ஃபார்வர்டு அடித்தார் என்றுதான் மறுநாள் அச்சாகும். அந்தப் பந்து விங்கருக்கு எப்படி வந்தது என்று யார் கேட்டார்கள்?

கோட்டயம் சாலியைப் பற்றி மலையாளிகளே போதிய அளவு எழுதவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அகமது கானோடு சேர்ந்து அந்த இடது பக்கத்தை ஆண்டவர் அவர். தெற்கத்திக்காரர்கள் கல்கத்தாவுக்குக் கொடுத்ததில் அந்த இடது பக்கமே ஆகச் சிறந்தது என்பேன்.

அந்தக் காலத்துக் கல்கத்தா தெற்கத்திக்காரனுக்கு வெளிநாட்டுக்குச் சமம். மொழி வேறு, சாப்பாடு வேறு, மழை வேறு. பேருக்கு எல்லாரும் அமெச்சூர். ஆனால் பந்துதான் பிழைப்பு. லீக் ஆட்டங்கள் மழைக்காலத்திலேதான் நடக்கும். மைதானம் சேறாகிவிட்டால் வெறுங்கால் ஆட்டக்காரனுக்குப் பிடிமானம் போய்விடும். முப்பதுகளில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஈரத்தரையில் பூட்ஸ் போட்டு இறங்கியதும், 1934 முதல் 1938 வரை ஐந்து முறை தொடர்ந்து லீக்கை வென்றதும் நினைவிருக்கும். அந்தச் சேற்றில், தண்ணீர் குடித்துக் கனத்துப்போன தோல்பந்தை, பெங்களூரின் காய்ந்த தரையில் ஆடிப் பழகிய அகமது கானின் கால் அடக்கி வைத்தது என்றால் அது சாதாரணக் காரியம் இல்லை.

அதே முகம்மதனிலிருந்து 1936-ல் கிளாஸ்கோ போன சலீமின் கதை எல்லாருக்கும் தெரியும். அங்குள்ள செல்டிக் கிளப்பின் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் வெறுங்காலுக்குத் துணி சுற்றும் புகைப்படத்தை இன்றைக்கும் யாராவது எடுத்துக் காட்டுகிறார்கள். சலீம் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் பெரிய அணிக்கு ஆடவில்லை; அலையன்ஸ் லீக்கில் தலைகாட்டிவிட்டு, ஊர் நினைப்பு வாட்டத் திரும்பிவிட்டார். அந்த ஒரு படம் பெற்ற புகழில் பத்தில் ஒரு பங்குகூட, பத்தாண்டு ஒரே கிளப்பில் நிலைத்து ஆடிய அகமது கானுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் நம் காலைத் தொட்டான் என்பதில் வருகிற பெருமை ரசனை ஆகாது.

1948 லண்டன் ஒலிம்பிக்கையும் இப்படித்தான் பேசுகிறோம். இல்ஃபோர்டு கிரிக்கெல்ஃபீல்டு மைதானம், எதிரே பிரான்ஸ். நம்மவர்களில் எட்டுப் பேர் வெறுங்கால். இரண்டு பெனால்டியை வீணடித்தோம், சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார், கடைசி நேரத்தில் விட்டுக்கொடுத்து 2-1 என்று தோற்றோம். கேட்கிறவர்கள் பெனால்டிக்காக 'ச்சூ' கொட்டுவார்கள், ராமனின் கோலுக்குக் கைதட்டுவார்கள். அந்த ஃபார்வர்டு வரிசையில் அகமது கானும் இருந்தார் என்பதை நான்தான் ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இன்னும் மோசம். யூகோஸ்லாவியாவிடம் 10-1. போபெக், மிதிச், வூகாஸ், ஸெபெக் எல்லாரும் இருந்த அணி அது. ஸெபெக் மட்டும் நான்கு கோல். அதே அணி அடுத்த ஆட்டத்தில் சோவியத் யூனியனோடு 5-5 என்று மோதியது, கடைசியில் புஷ்காஷின் ஹங்கேரியிடம் மட்டுமே தோற்றது. இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. பத்து வாங்கினோம் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த ஒன்று யாருடையது? பத்து கோல் விழுந்த பிறகு, 89-ஆம் நிமிடத்தில், அகமது கான் அடித்தது. ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போன நேரம். குளிரில் கால் விறைத்த அணி. இன்னும் ஒரு நிமிடம் போனால் உடைமாற்றும் அறைக்குப் போய்விடலாம். அந்த நேரத்திலும் பந்து தனக்கு வரவேண்டும் என்று நினைத்த ஒருவர் அங்கே இருந்தார். இந்திய ஃபார்வர்டுகள் வெளிநாட்டில் அடித்த கோல்களில் என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசோஸா அடித்த மூன்றும் பெரியவைதான். அவை ஓர் ஆட்டத்தை ஜெயித்துத் தந்தன. இந்தக் கோல் எதையும் ஜெயித்துத் தரவில்லை, அதனால்தான் இது என்னை விடமாட்டேன் என்கிறது.

ஹெல்சிங்கிக்குப் பிறகு இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. அந்தக் குளிருக்கும் அந்த எதிரிகளுக்கும் அது தேவைதான், மறுக்கவில்லை. பூட்ஸ் வந்த பிறகும் அகமது கான் ஆண்டுக்கணக்கில் ஆடினார், 1953-ல் ஈஸ்ட் பெங்கால் ருமேனியாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போனது. பூட்ஸ் அவர் வித்தையைப் பறிக்கவில்லை. ஏனென்றால் பாதம் முன்பே படித்து முடித்துவிட்டது. உள்ளங்காலும் விரலும் பந்தின் கனத்தை அறிந்த பிறகு மேலே தோலை மாட்டினால் என்ன, மாட்டாவிட்டால் என்ன. நாம் கற்றுக்கொண்ட பாடம்தான் கோணல்: நடக்கப் பழகிய குழந்தைக்கே பூட்ஸ் வாங்கிக் கொடுக்கிறோம்.

எங்கள் கரையில் நான் கண்ணால் பார்த்த உண்மை ஒன்று உண்டு. காய்ந்த மணலில் பந்து உருளாது. உள்ளங்காலால் அள்ளி நகர்த்தவேண்டும், இல்லையென்றால் நுனிவிரலால் தூக்கிவிடவேண்டும். ஓடி ஜெயிக்க முடியாது, இரண்டடி எடுத்து வைப்பதற்குள் கால் புதையும். அதனால் நிற்கப் பழகுவோம், எதிராளியை வரவழைக்கப் பழகுவோம். கரைமடி இழுத்து முடித்த பிறகு, துடுப்பை ஊன்றிக் கோல் போஸ்ட் ஆக்கி, இருட்டும்வரை ஆடிய பிள்ளைகள் யாருக்கும் யாரும் டிரிபிளிங் சொல்லித் தந்ததில்லை. எல்லைக்குப் பக்கத்தில் பொழியூரிலும் அதைத் தாண்டித் தூத்தூரிலும் இதே கதைதான். 2018 சந்தோஷ் டிராபி இறுதியாட்டத்தில், அதே கல்கத்தாவில், வங்காளத்துக்கு எதிராக கேரளத்தின் கடைசி பெனால்டியை அடித்து முடித்த சீசன் பொழியூர்க் கடற்கரைப் பிள்ளை. மணலில் பழகிய கால் அது.

அந்த மணல்தான் போய்க்கொண்டிருக்கிறது. சங்குமுகத்திலும் வலியதுறையிலும் கடல் ஏறி வீடுகளைத் தின்றதை எல்லாரும் பார்த்தோம். விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்தால்தான் கடலரிப்பு கூடியது என்று 2022-ல் எங்கள் மீனவர்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். வீடு போனவர்களுக்கு முன்னால் ஆடுகளம் போனதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போனது போனதுதான். இப்போது பிள்ளைகள் வாடகை கொடுத்து வலைக்கூண்டுக்குள், பச்சைப் பிளாஸ்டிக் புல்லில் ஆடுகிறார்கள். பயிற்சியாளர் ஓரத்தில் நின்று "தொடு, விடு, ஓடு" என்று கத்துகிறார். எவனாவது ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு நின்றால் அடுத்த நிமிடம் வெளியே உட்காரவைக்கிறார். அவனைத்தான் உள்ளே வைக்கவேண்டும் என்பது என் வாதம். நின்று வரவழைப்பது சோம்பல் இல்லை, அது ஒரு துணிச்சல்.

திருவனந்தபுரத்தில் கேரளா போலீஸ் உச்சத்தில் இருந்த காலம், 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையைத் தொடர்ந்து வென்ற அணி. அந்நாட்களில் ஐ.எம்.விஜயன் பந்தை வாங்கிப் பேக்கின் முகத்தைப் பார்த்து ஒரு கணம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பா சொன்னது என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதன் பிறகு அந்த ஒரு கணத்தை எந்த ஃபார்வர்டிடமும் நான் முழுதாகப் பார்க்கவில்லை.

தெற்கத்திக்காரர்களை மட்டும் வைத்து ஐவர் வரிசை எழுதச் சொன்னால் எங்கள் டீக்கடையில் சண்டை எப்போதும் ஓர் இடத்துக்குத்தான் வரும். இன்சைடு லெஃப்ட் துளசிதாஸ் பலராமா, அகமது கானா? பலராம் 1957-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தபோது அகமது கான் இன்னும் அங்கேதான் இருந்தார். பலராம் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக கோல் அடித்தவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்தில் பங்குள்ளவர், உடம்பு ஒத்துழைக்காமல் இருபதுகளிலேயே ஆட்டத்தை விட்டவர். அவர் கட்சிக்காரர்கள் சொல்வது எதுவும் தவறில்லை. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி இருவரின் நிழலில் அவரை மறந்துபோனது நாட்டின் குற்றம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவரை இன்சைடு ரைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் ஆடுவார். வலது ஓரத்துக்கு வெங்கடேஷ், நடுவில் விஜயன், இடது ஓரத்துக்கு கோட்டயம் சாலி. நான்காவது இடத்தில் அகமது கான் பெயரை நான் எழுதிவிட்டேன், அதை அழிக்கவிடமாட்டேன்.